கலூகா கணக்கு வாத்தியார்

சியோல்கோவ்ஸ்கி என்ற பெயரை நீங்க ஒரு சமன்பாட்டோட தலைப்பாகத்தான் பார்த்திருப்பீங்க. ராக்கெட்டின் வேகம் எவ்வளவு கூடும்? பின்னால் பீறிடுகிற வாயுவின் வேகத்தை எடுத்துக்கோங்க. எரிபொருளோடு இருந்த நிறைக்கும், எரிந்து முடிந்தபின் மிஞ்சும் நிறைக்கும் உள்ள விகிதத்தின் மடக்கையால் அதைப் பெருக்குங்க. அவ்ளோதான், ஒரே வரி. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எது கிளம்பினாலும் இந்த வரிக்குக் கட்டுப்பட்டுத்தான் கிளம்பணும். காலாப்பட்டு ஹாஸ்டல் ரூமில் நாலு பேர் ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்து கவுன்ட்டவுன் பார்க்கிறோமே, அந்த வரியை எழுதியவர் ஏழு பிள்ளைகளுக்கு அப்பா என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த ஏழு பேரில் ஐந்து பேர் அவருக்கு முன்னாலேயே போய்விட்டார்கள். அந்த ஐவரில் இரண்டு மகன்கள் தற்கொலையால் இறந்தவர்கள்.

கான்ஸ்தந்தீன் சியோல்கோவ்ஸ்கி 1857 செப்டம்பர் 17 அன்று, ரஷ்யாவில் ரியசான் பக்கம் இஜெவ்ஸ்கோயே என்ற ஊரில் பிறந்தார். அப்பாவுக்கு வனத்துறையில் வேலை. பத்து வயசு வாக்கில் ஸ்கார்லெட் காய்ச்சல் வந்து காது கிட்டத்தட்டப் போய்விட்டது. வாத்தியார் பேசுவது கேட்காத பையன் வகுப்பில் என்ன செய்வான்? படிப்பு பாதியில் நின்றது. 13 வயசில் அம்மாவும் இறந்துபோனார். 16 வயசில் அப்பா அவரை மாஸ்கோவுக்கு அனுப்பினார். அங்கே கல்லூரியும் இல்லை, வகுப்பும் இல்லை. இலவச நூலகம் ஒன்றுதான். மூன்று வருஷம் கறுப்பு ரொட்டியைத் தின்று, மிச்சக் காசில் புத்தகமும் பரிசோதனைச் சாமானும் வாங்கி, கால்குலஸ் வரைக்கும் தானே படித்தார். அட்டெண்டன்ஸுக்காக மட்டும் உட்காருகிற நாம இந்த இடத்தை கொஞ்சம் வேகமா தாண்டிப் போயிடலாம்.

1879இல் ஆசிரியர் தேர்வை எழுதித் தேறினார். அடுத்த வருஷம் பொரோவ்ஸ்க் என்ற சின்ன ஊரில் கணக்கு வாத்தியார் வேலை. அங்கேயே வர்வாராவைக் கல்யாணம் செய்துகொண்டார். 1892இல் கலூகாவுக்கு மாற்றல், அதன் பிறகு சாகும்வரை அதே ஊர்தான். சம்பளம் குறைவு, வீட்டில் வாய்கள் அதிகம். அதிலும் ஒரு பங்கு தகரம், அட்டை, பசை, அச்சுக்கூலி என்று போய்விடும். 1897இல் காற்றுச் சுரங்கம் ஒன்றைத் தானே கட்டினார், ரஷ்யாவில் அந்த மாதிரி முதல் முயற்சிகளில் ஒன்று. அதே வருஷம்தான் அந்த ராக்கெட் வரியையும் எழுதினார். அந்தச் சம்பளத்தில் குடும்பத்தை ஓட்டியது வர்வாரா. அவரைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை என்பது என் மனக்குறை.

முதல் இழப்பு 1893இல். லியோன்தி என்ற கைக்குழந்தை இறந்தது. அந்தக் காலத்தில் எந்த நாட்டிலும் பல வீடுகளில் நடந்ததுதான். இக்னாத்தியின் இழப்பு அப்படிப்பட்டதில்லை. மூத்த மகன். படிப்பாளி. மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்தான். அப்பா வாசலைக்கூட மிதிக்காத பல்கலைக்கழகத்துக்கு மகன் போனான் என்றால் அந்த வீட்டில் எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்கும்! நம்ம வீட்டு முதல் பட்டதாரிக் கதை மாதிரியே. 1902 டிசம்பரில் அவன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். வயசு 19.

ஏன் என்று நான் எழுதப் போறதில்லை. ஒரு மரணத்துக்கு ஒரே காரணம் கண்டுபிடித்து ஒட்டுவது நமக்கு ரொம்பப் பிடித்த வேலை. எக்ஸாம், காதல், அப்பாவின் கண்டிப்பு என்று எதையாவது சொல்லி ஃபைலை மூடிவிடுவோம். அந்த அப்பாவுக்கே அப்படி மூட முடியவில்லை. பிற்பாடு தன் வாழ்க்கையைப் பற்றி எழுதியபோது இந்த இடத்தில் அவர் குறிப்பிடுவது காலை நேரத்தை. கண் விழித்த உடனேயே ஒரு வெறுமையும் பயமும் வந்து உட்கார்ந்துகொள்ளுமாம். அது மழுங்கவே பத்து வருஷம் போலப் பிடித்ததாம். போய்விட்டது என்றுகூட அவர் சொல்லவில்லை, மழுங்கியது என்றுதான்.

பத்து வருஷம் என்றால் மூவாயிரத்து அறுநூறு காலைகளுக்கு மேல். தான் இல்லாமல் போனால் வீட்டுக்குப் பாரம் குறையும் என்று இதைப் படிக்கிற யாருக்காவது எப்போதாவது தோன்றியிருந்தால், அந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்க. கணக்குப் போடும் நிலையில்கூட இல்லையென்றால் 14416க்கு போன் பண்ணுங்க. டெலி மானஸ், அரசாங்கத்தோட இலவச எண். இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பாங்க, தமிழிலேயே பேசலாம். சரி, கலூகாவுக்குத் திரும்புவோம்.

இக்னாத்தி இறந்து ஆறு மாதம்கூட ஆகாத 1903 மே மாதத்தில், ஓர் அறிவியல் இதழில் அவருடைய கட்டுரை வந்தது. விண்வெளியை ராக்கெட் கருவிகளால் ஆராய்வது பற்றியது. திரவ ஹைட்ரஜனும் திரவ ஆக்சிஜனும் எரிபொருள் ஆகலாம் என்பது உட்பட எல்லாம் அதில் இருந்தது. ரைட் சகோதரர்களின் விமானம் தரையை விட்டு எழும்ப இன்னும் ஏழு மாதம் இருந்தது!

இந்த இடத்தில் ஒரு மோட்டிவேஷன் வீடியோக்காரர் கிடைத்தால், மகனை இழந்த வலியிலிருந்து ராக்கெட் பிறந்தது என்று பின்னணி இசையோடு சொல்லிவிடுவார். நம்பாதீங்க. சமன்பாடு 1897இலேயே வந்தாச்சு, இக்னாத்தி அப்போ உயிரோடுதான் இருந்தான். அந்த மரணம் அப்பாவுக்கு எந்த ஞானத்தையும் கொண்டுவரவில்லை. எனக்குப் புரிவது ரொம்பச் சின்ன விஷயம். மேஜை மேல் பாதி முடிந்த வேலை கிடந்தது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் காத்திருந்தார்கள். அவர் போனார். வகுப்பு எடுத்தார். வீட்டுக்கு வந்து கணக்கைத் தொடர்ந்தார்.

உலகம் அதற்காக அவரைத் தூக்கிக் கொண்டாடிவிடவில்லை. அந்தக் கட்டுரையை யாரும் கண்டுகொள்ளவில்லை. இதழின் ஆசிரியர் அடுத்த மாதமே இறந்தார், இதழும் நின்றது, இரண்டாம் பகுதி அச்சேறவில்லை. 1908இல் ஓகா ஆற்றில் வெள்ளம் வந்து வீட்டுக்குள் புகுந்தது. இரண்டாம் பகுதி வெளிவர 1911 ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான் ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு புரட்சி, உள்நாட்டுப் போர், பஞ்சம். 1919இல் மகன் இவான் இறந்தார். அதே வருஷம் ரகசிய போலீஸ் இவரைப் பிடித்துக்கொண்டு போய் மாஸ்கோவில் சில நாள் அடைத்து வைத்து விட்டது. அடுத்த சில வருஷங்களில் கடைசி மகள் அன்னாவும் போனாள். 1921இல் அரசு ஆயுள்கால ஓய்வூதியம் கொடுத்தது, வயிற்றுப்பாட்டுக் கவலை குறைந்தது. 1923இல் மகன் அலெக்சாண்டர். அவரும் தற்கொலை. கிழவருக்கு அப்போ வயசு அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது.

அந்தக் கடைசி காலத்தில் அவர் ஒரு பெரிய தத்துவமே கட்டினார். அணுவுக்கும் உணர்வு உண்டு, அதனால் முழுச் சாவு என்று ஒன்று இல்லை என்று போகும் அது. அதில் சில பகுதிகள், முக்கியமாக மனித இனத்தைத் தேர்ந்தெடுத்து மேம்படுத்தணும் என்ற பேச்சு, எனக்கு ஒப்பவே இல்லை. ஆனா ஐந்து பிள்ளைகளை இழந்தவர் சாவே இல்லை என்று எழுதும்போது, எதிர்த்து வாதாட மனசு வரமாட்டேங்குது.

அவர் செய்த இன்னொரு காரியம்தான் என்னைப் பிடித்து நிறுத்துகிறது. சின்னச் சின்னப் புத்தகங்களாகச் சொந்தக் காசில் அச்சடித்து, கேட்டு எழுதுகிறவர்களுக்கெல்லாம் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார். எழுதியவர்களில் நிறைய பேர் இளைஞர்கள். அலெக்சாண்டர் இறந்த அதே 1923இல், செப்டம்பரில், ஒடெசாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவனுக்கு 15 வயசு. ஜூல் வெர்னைப் படித்துவிட்டு விண்வெளிப் பைத்தியம் பிடித்த பையன். இந்தக் கிறுக்கெல்லாம் வேண்டாம் தம்பி என்று இவர் சொல்லியிருக்கலாம். பதிலே போடாமலும் இருந்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அடுத்த மாதமே பதில் போனது, புத்தகங்களும் போயின. கடிதப் போக்குவரத்து வருஷக்கணக்கில் நீண்டது.

சியோல்கோவ்ஸ்கி 1935 செப்டம்பர் 19 அன்று கலூகாவில் இறந்தார். அவருடைய நூறாவது பிறந்தநாள் முடிந்த பதினேழாவது நாள், 1957 அக்டோபர் 4 அன்று, ஸ்புட்னிக் மேலே போனது. அந்த ராக்கெட்டின் எஞ்சின்களை வடிவமைத்தவர் வலெந்தீன் குளுஷ்கோ, ஒடெசாவிலிருந்து கடிதம் எழுதிய அந்தப் பையன். 1961இல் ககாரின் போனதும் அவருடைய எஞ்சின்களில்தான். 1984 ஏப்ரல் 3 அன்று நம்ம ராகேஷ் சர்மாவைத் தூக்கிக்கொண்டு போன சோயுஸ் ராக்கெட்டின் அடியில் எரிந்ததும் அதே குடும்பத்து எஞ்சின்கள்.