ஏழைக்கும் எட்டும் சத்துணவு: எல்லன் ரிச்சர்ட்ஸ் அம்மையாரின் வாழ்க்கை

உணவு என்பது வயிற்றை நிரப்புவதற்கே என்று உலகம் வெகு காலம் எண்ணி வந்தது. அதில் என்ன சத்து அடங்கியிருக்கிறது, அந்தச் சத்தை எவ்வளவு குறைந்த செலவில் பெறலாம் என்று கணக்குப் பார்ப்பது தம் வேலையல்ல என்று சமையல் செய்பவரும் ஒதுங்கினர்; விஞ்ஞானிகளும் ஒதுங்கினர். இவ்விரு சாராரும் ஒதுக்கிய அந்தப் பொறுப்பைத் தம் தலைமேல் ஏற்றுக்கொண்டவர் அமெரிக்கப் பெண்மணி எல்லன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ். பள்ளிப் பிள்ளைகளுக்கு மலிவான, சத்துள்ள ஆகாரத்தைப் பொதுச் சமையற்கூடம் ஒன்றில் தயாரித்து அனுப்பும் ஏற்பாட்டுக்கு அந்நாட்டில் ஆரம்ப காலத்திலேயே வழிகாட்டியவர் அவர்.

கல்விக்குப் பட்ட பாடு

மாசசூசெட்ஸ் மாகாணத்தில் டன்ஸ்டபிள் என்னும் சிற்றூரில் 1842-ம் ஆண்டு டிசம்பர் 3-ந் தேதி எல்லன் பிறந்தார். பெற்றோருக்கு ஒரே குழந்தை. தாயும் தந்தையும் ஆசிரியத் தொழில் பார்த்தவர்கள். பிற்பாடு தந்தை விவசாயம் செய்தார், கடையும் வைத்தார். எல்லன் கடையில் தந்தைக்கு உதவியாக நின்றார். வீட்டில் நோயாளியான தாய்க்குத் துணையாக அடுப்படியில் நின்றார். சிறு வயதிலேயே கண்காட்சி ஒன்றில், தாம் சுட்ட ரொட்டிக்குப் பரிசும் வாங்கினார்.

மேல் படிப்புக்கு ஆசை இருந்தது, பணம் இல்லை. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தும், பிறர் வீட்டைச் சுத்தம் செய்தும், நோயாளிகளைப் பராமரித்தும் 300 டாலர் சேர்த்தார். 1868-ம் ஆண்டு வாசர் பெண்கள் கல்லூரியில் அவர் காலடி வைத்தபோது வயது இருபத்தைந்து. உடன் படித்த பெண்களில் பலர் அவரைவிட இளையவர்கள். இரண்டே ஆண்டில் பட்டம் பெற்றார்.

ரசாயனத்தில் மேலும் பயில விரும்பி, பாஸ்டன் நகரிலிருந்த மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கு மனுப் போட்டார். அதுவரை அங்கே ஒரு பெண்ணும் சேர்ந்ததில்லை. 1870-ம் ஆண்டு இறுதியில் அனுமதி கிடைத்தது. சம்பளம் கட்ட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். தமது ஏழ்மையை எண்ணிச் செய்த தயவு என்று எல்லன் நினைத்தார். உண்மை வேறு. நிர்வாகத்தினர் யாராவது ஆட்சேபம் செய்தால், இவர் நம் மாணவியே அல்ல என்று கை கழுவிவிடுவதற்காகச் செய்த ஏற்பாடு அது. பின்னால் இது தெரிய வந்தபோது, முன்பே தெரிந்திருந்தால் அங்கே சேர்ந்திருக்கவே மாட்டேன் என்று அவர் வருந்தியதுண்டு.

ஆனால் கிடைத்த இடத்தை அவர் விடவில்லை. சோதனைச் சாலையைத் துடைத்து வைத்தார். ஆசிரியர்களுக்குக் கிழிசல் தைத்துக்கூடக் கொடுத்தார். 1873-ம் ஆண்டு அக்கழகத்தின் பட்டத்தைப் பெற்ற முதல் பெண்மணி ஆனார். அதற்கு மேற்பட்ட டாக்டர் பட்டம் மட்டும் அங்கே அவருக்குக் கிடைக்கவில்லை. 1875-ம் ஆண்டு அதே கழகத்தில் சுரங்கத் துறைப் பேராசிரியராயிருந்த ராபர்ட் ரிச்சர்ட்ஸை மணந்தார்.

மளிகைக் கடையும் சோதனைக் குழாயும்

தாம் நுழைந்த வழியில் மற்றப் பெண்களும் வர வேண்டும் என்பது எல்லனின் கவலை. அவர் முயற்சியால் 1876-ம் ஆண்டு பெண்களுக்கென்றே ஒரு ரசாயனச் சோதனைச் சாலை திறக்கப்பட்டது. சம்பளம் இல்லாமல் அதில் கற்பித்ததோடு, தம் கைப்பணத்தையும் ஆண்டுதோறும் அதற்குச் செலவிட்டார். பள்ளி ஆசிரியைகள் பலர் அங்கே வந்து படித்தனர்.

அங்கே ஆராயப்பட்டவை அருமையான தாதுப் பொருள்கள் மட்டுமல்ல; மளிகைக் கடைச் சரக்குகளும்தான். சர்க்கரையில் மணல், லவங்கப்பட்டைத் தூளில் மரத் தூள் என்று கலப்படங்கள் பல வெளிப்பட்டன. இந்த ஆராய்ச்சியை உணவுப் பொருள்களும் அவற்றில் கலப்படமும் பற்றிய ஒரு நூலாக அவர் எழுதினார். கழகம் பெண்களையும் முறைப்படி சேர்க்கத் தொடங்கியதும், 1883-ம் ஆண்டு அந்தத் தனிச் சோதனைச் சாலை மூடப்பட்டது. மறு வருஷம் எல்லன் சுகாதார ரசாயன ஆசிரியையாக நியமனம் பெற்றார். ஆயுள் முழுதும் அந்தப் பதவியிலேயே இருந்தார்.

பாஸ்டன் சமையற்கூடம்

அக்காலத்துத் தொழிலாளியின் வருமானத்தில் ஏறக்குறைய பாதி உணவுக்கே போயிற்று. அவ்வளவு செலவிட்டும் அவன் உடலில் போதிய வலு ஏறவில்லை. விலை குறைந்த பொருளிலும் சத்து உண்டு. அதைப் பக்குவமாகச் சமைத்தால் அந்தக் காசிலேயே குடும்பம் நன்றாக உண்ணலாம் என்று எல்லன் நம்பினார். இதே நோக்கமுள்ள மேரி ஹின்மன் ஏபல் என்ற பெண்மணி அவருக்குத் துணை நின்றார். குறைந்த வருமானக்காரர்களுக்கான சிக்கனச் சமையல் பற்றிக் கட்டுரை எழுதி, அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கத்தின் மூலம் 500 டாலர் பரிசு பெற்றவர் அவர். பாலின் அகாசிஸ் ஷா என்ற சீமாட்டி பண உதவி செய்தார். 1890-ம் ஆண்டு ஜனவரி மாதம் பாஸ்டன் நகரில் 'நியூ இங்கிலாந்து சமையற்கூடம்' திறக்கப்பட்டது.

அங்கே மாட்டிறைச்சியில் மலிவான துண்டுகளை வாங்கி, இளஞ்சூட்டில் பல மணி நேரம் வேகவிட்டு ரசம் இறக்கினார்கள். எட்வர்ட் அட்கின்சன் என்பவர் கண்டுபிடித்த அடுப்பு அதற்கு உதவிற்று. சூடு வெளியேறாத ஒரு பெட்டி. அதன் அடியில் ஒரு விளக்கு. அவ்வளவுதான். ரசத்தைச் சோதனைச் சாலையில் ஆராய்ந்து, அளவையும் நேரத்தையும் திருத்தி, மறுபடியும் இறக்கினார்கள். இன்று இறக்கிய ரசத்தில் என்ன சத்து இருந்ததோ அதே சத்து நாளைய ரசத்திலும் இருக்க வேண்டும் என்பது எல்லனின் நிபந்தனை. அந்த நிச்சயத்தைக் கண்ட வைத்தியர்கள் தங்கள் நோயாளிகளுக்கு அந்த ரசத்தைச் சிபாரிசு செய்தனர்.

ஆனால் யாருக்காகக் கூடம் திறந்தாரோ அவர்கள் கூட்டமாக வரவில்லை. பாஸ்டனில் குடியேறிய ஐரிஷ்காரர்களுக்கும் இத்தாலியர்களுக்கும் அந்தச் சப்பென்ற ருசி பிடிக்கவில்லை. உடம்புக்கு நல்லது எது என்று பிறர் சொல்லித் தருவதைவிட, நாவுக்குப் பிடித்ததை உண்பதே மேல் என்று அவர்கள் இருந்துவிட்டனர். சிகாகோவில் ஜேன் ஆடம்ஸ் அம்மையார் இதே மாதிரியில் தொடங்கிய கூடத்துக்கும் இதே கதிதான். தொழிற் சங்கத் தலைவர்களுக்கோ வேறொரு சந்தேகம். ஏழை மலிவாக உண்ணப் பழகிவிட்டால், முதலாளி கூலியைக் குறைக்க அதையே சாக்காகக் கொள்வான் அல்லவா? இந்தச் சந்தேகத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

எல்லனுக்கு இது பெரிய ஏமாற்றம். எனினும் அவர் கூடத்தை மூடவில்லை. 1893-ம் ஆண்டு சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் 'ரம்போர்டு சமையற்கூடம்' என்ற பெயரில் ஒரு சிறு வீட்டை அமைத்தார். மியூனிக் நகரத்து ஏழைகளுக்குப் பார்லி, பட்டாணி, உருளைக்கிழங்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றிய ரம்போர்டு பிரபுவின் நினைவாக வைத்த பெயர் அது. அங்கே 30 சென்ட் கொடுத்துச் சாப்பிட்டவர், தம் தட்டிலிருந்த உணவில் புரதம் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, மாவுச் சத்து எவ்வளவு என்பதையும் படித்துவிட்டு எழுந்தார். இரண்டு மாதத்தில் 10,000 பேர் அங்கே உண்டனர்.

பள்ளிக்கூடம் திறந்த கதவு

மறு வருஷம் அவர் உழைப்புக்கு உரிய இடம் கிடைத்தது. பாஸ்டன் உயர்நிலைப் பள்ளிகளில் நடுப்பகல் பசிக்குப் பிள்ளைகள் வாங்கித் தின்றது, பள்ளிக் காவற்காரர்கள் விற்ற தின்பண்டங்களைத்தான். அதில் லாபம் அவர்களுக்கு. தரத்தைப் பற்றிக் கேட்பார் இல்லை. பள்ளியில் விற்கும் உணவுக்கு அங்கீகாரம் வேண்டும் என்று 1894-ம் ஆண்டு நகரப் பள்ளிக் குழு தீர்மானித்தது. உணவு வழங்கும் பொறுப்பை நியூ இங்கிலாந்து சமையற்கூடம் ஏற்றது. காவற்காரர்களுக்கு வருமானம் போன ஆத்திரம். ஆனால் ஏற்பாடு நிலைத்துவிட்டது.

ஒரே கூடத்தில் சமைத்துப் பல பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு நியாயமான விலையில் நல்ல ஆகாரம் கிடைத்தது. பெரியவர்களிடம் தோற்ற திட்டம் பிள்ளைகளிடம் ஜெயித்தது ஏன்? வீட்டு அடுப்பு பரம்பரை ருசியைக் காப்பது. அதனோடு போட்டியிடப் போனபோது கூடம் தோற்றது. பள்ளியிலோ அது போட்டியிட்டது காவற்காரர் விற்ற பண்டத்தோடுதான். தவிர, ஒவ்வொரு நாளும் ஒரே தரம், ஒரே அளவு, ஒரே செலவு என்று நான்கு ஆண்டுகள் ரசத்தை வைத்துப் பழகிய பழக்கம் அங்கேதான் பலன் தந்தது. பத்துப் பேருக்குச் சமைப்பதில் கைப் பழக்கம் போதும். ஆயிரம் பேருக்கு என்றால் கணக்கு வேண்டும்.

1907-ம் ஆண்டு இந்தப் பொறுப்பு பாஸ்டனிலிருந்த பெண்கள் கல்வித் தொழிற் சங்கத்தின் கைக்கு மாறியது. இதற்கிடையே, 1899-ம் ஆண்டு முதல் லேக் பிளாசிட் என்னுமிடத்தில் ஆண்டுதோறும் மாநாடு கூட்டி, குடும்ப நிர்வாகத்தையும் உணவையும் ஒரு கல்வித் துறையாக எல்லன் உருவாக்கினார். 1908-ம் ஆண்டு பிறந்த அமெரிக்க மனையியல் சங்கத்துக்கு அவரே முதல் தலைவர். குறைந்த தொகையைக் கையில் கொடுத்து, அதற்குள் சத்துள்ள உணவுப் பட்டியல் தயாரிக்கும்படி மாணவிகளைப் பழக்கும் பாடம் கல்லூரிகளில் வேரூன்றியது இந்த இயக்கத்தால்தான்.

அவர் கணக்கில் ஒரு குறை உண்டு. வைட்டமின் என்ற பெயரே 1912-ம் ஆண்டுதான் தோன்றியது. ஆகவே கீரை, காய், பழம் ஆகியவற்றின் உண்மை மதிப்பு அவர் காலத்து அட்டவணைகளில் ஏறவில்லை. பின்னால் வந்தவர்கள் அதைத் திருத்தினார்கள். சத்தை அளந்து, விலையைப் பார்த்து, பிறகே உலை வைக்க வேண்டும் என்ற அவருடைய முறையை மாற்ற வேண்டிய அவசியம் நேரவில்லை.

1911-ம் ஆண்டு மார்ச் 30-ந் தேதி, பாஸ்டனில் தம் இல்லத்தில் இதய நோயால் எல்லன் ரிச்சர்ட்ஸ் காலமானார். வயது அறுபத்தெட்டு. 1946-ம் ஆண்டு அமெரிக்க அரசு பள்ளிப் பகலுணவுக்குச் சட்டம் செய்தது. 1966-ம் ஆண்டு காலை உணவுக்கும் பரீட்சார்த்தமாகத் திட்டம் வகுத்து, 1975-ல் அதை நிரந்தரமாக்கியது. மாணவி என்று பதிவு செய்யத் தயங்கி ஒரு கழகம் சேர்த்துக்கொண்ட பெண், பிள்ளைகளின் பசியைத் தீர்ப்பதும் விஞ்ஞானத்தின் கடமையே என்று நிலைநாட்டிவிட்டார்.