ஒரே மருந்துச் சீட்டில் இரண்டு மாத்திரை: யார் இந்த சுப்பாராவ்?

வெண்ணந்தூர் பக்கம் எந்த அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும், கர்ப்பிணிகளுக்குத் தரும் சத்து மாத்திரையில் இரும்போடு ஃபோலிக் அமிலமும் இருக்கும். முடக்குவாதத்துக்கு மருந்து எடுப்பவர்களின் சீட்டில் பெரும்பாலும் மெத்தோட்ரெக்ஸேட் இருக்கும். கூடவே அதே ஃபோலிக் அமிலமும் இருக்கும். இந்த இரண்டுக்கும் பின்னால் இருப்பவர் மெட்ராஸில் படித்த ஒரு உயிர்வேதியியலாளர்: எல்லாப்ரகட சுப்பாராவ்.

யார் இவர்?

1895-ல் ஆந்திராவின் பீமாவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை ஃபெயில். மூன்றாவது முறை மெட்ராஸில் எழுதித்தான் பாஸ் ஆனார். பிறகு மாநிலக் கல்லூரி, மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி. காந்தியின் அழைப்பை ஏற்று கதர் அங்கியோடு அறுவை சிகிச்சை வகுப்புக்குப் போனது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. விளைவு, எம்.பி.பி.எஸ். கிடைக்க வேண்டியவருக்கு அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது.

அதே காலத்தில் ஸ்ப்ரூ என்ற குடல் நோய் சில நாள் இடைவெளியில் அவருடைய சகோதரர்கள் இருவரைக் கொண்டுபோனது. சாப்பிடும் சத்து உடலில் ஒட்டாமல், ரத்தம் சோகைப்பட்டு, ஆள் உருகிப்போகும் நோய் அது.

ஹார்வர்டில் என்ன செய்தார்?

1920-களின் தொடக்கத்தில் மனைவியை ஊரில் விட்டுவிட்டு அமெரிக்கா போனார். பிறகு திரும்பி வரவே இல்லை. படிப்புச் செலவுக்காக மருத்துவமனையில் எடுபிடி வேலை பார்த்தார். 1925-ல், சைரஸ் ஃபிஸ்கே என்பவரோடு சேர்ந்து ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸை அளக்கும் முறையைக் கொண்டுவந்தார். ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை என்றால் பயோகெமிஸ்ட்ரி படித்தவர்களுக்குத் தெரியும். தசைக்குச் சக்தி தரும் பாஸ்போகிரியாட்டினை 1927-ல் வெளியிட்டார்கள். அடுத்தது 1929-ல் ஏடிபி. பிளஸ் ஒன் பயாலஜியில் நாம் படிக்கும் அதே ஏடிபிதான். ஜெர்மனியில் லோமன் என்பவரும் அதே ஆண்டு தனியாக அதைக் கண்டுபிடித்தார்.

இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. சுப்பாராவின் சில முடிவுகள் ஃபிஸ்கேவால் வெளியே வராமலே போயின, அவற்றை மற்றவர்கள் பிறகு மறுபடி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்று அப்போது அங்கே படித்த ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் பின்னாளில் சொன்னார். 1988-ல் மருத்துவ நோபல் பெற்றவர் ஹிட்சிங்ஸ்.

சத்து எப்படி மருந்தானது?

1940-ல் லெடர்லே மருந்து நிறுவனத்துக்கு மாறினார். அவருடைய குழு 1945-ல் ஃபோலிக் அமிலத்தை ஆய்வுக்கூடத்திலேயே தயாரித்தது. சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கும் அது பலன் தந்தது.

இங்கேதான் கதை திரும்புகிறது. ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்தால் நோய் இன்னும் வேகமெடுப்பதாக பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பருக்குத் தோன்றியது. அப்படியானால் அதைத் தடுத்தால்? சுப்பாராவின் குழு அமினோப்டெரினை அனுப்பியது. 1948 ஜூனில் ஃபார்பர் முடிவை வெளியிட்டார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியிருந்தது. அதுவரை மருந்தே இல்லாத நோய் அது.

சிம்பிளா சொன்னா, செல் பெருக டி.என்.ஏ. வேண்டும், அதற்கு ஃபோலேட் வேண்டும். அந்த ஃபோலேட்டைப் பயன்படும் வடிவத்துக்கு மாற்றுவது ஒரு நொதி. அமினோப்டெரின் பார்க்க ஃபோலேட் மாதிரியே இருக்கும், ஆனால் நொதியில் போய் ஒட்டிக்கொண்டு விடாது. தறியில் தப்பு நூல் சிக்கி ஓட்டம் நிற்கிற மாதிரி. இந்தக் கணக்கு முழுசாகப் புரிந்தது பிறகுதான். அமினோப்டெரினின் தம்பிதான் மெத்தோட்ரெக்ஸேட். யானைக்கால் நோய்க்கு இன்றும் தரப்படும் டி.இ.சி. மாத்திரையும் அவர் தலைமையில் இருந்த ஆய்வுக்கூடத்தில் பிறந்ததுதான்.

ஏன் பெயர் தெரியவில்லை?

ஃபார்பரின் முடிவு வந்த இரண்டே மாதத்தில், 1948 ஆகஸ்ட்டில் மாரடைப்பால் இறந்தார். வயது 53. மேடை ஏறுவதும் அவருக்குப் பழக்கமில்லை. இந்தியா தபால்தலை வெளியிட்டது 1995-ல்.

சீட்டில் ஏன் இரண்டும்?

மெத்தோட்ரெக்ஸேட் நல்ல செல்களின் நொதியையும் தடுக்கும். வாய்ப்புண், ரத்த அணுக்கள் குறைவது எல்லாம் அதனால்தான். அதை ஈடுகட்டத்தான் ஃபோலிக் அமிலம். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் வாரத்தில் ஒரு நாள்தான். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் யாராவது எடுத்துக்கொண்டிருந்தால், டாக்டர் எழுதிய கிழமையை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.