ஏர்ன்ஸ்ட் உடெட்: நாற்காலியில் வீழ்ந்த ஜெர்மன் விமானி

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் தொடங்கியதும் ஜெர்மானிய இளைஞர்கள் இராணுவத்தில் சேர முண்டியடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் மியூனிக் நகரைச் சேர்ந்த 18 வயது ஏர்ன்ஸ்ட் உடெட்டும் ஒருவர். அவருடைய உயரம் 160 செண்டிமீட்டர்தான். போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அதே இளைஞர் நான்கே ஆண்டுகளில் 62 எதிரி விமானங்களை வீழ்த்தினார். ஜெர்மனியில் அவரை மிஞ்சியவர் ஒருவர்தான்: சிவப்பு விமானத்தில் பறந்து 80 விமானங்களை வீழ்த்திய மன்ஃபிரெட் ஃபோன் ரிச்தோஃபென். ரிச்தோஃபென் போரில் மடிந்தார், உடெட் பிழைத்தார். அடுத்த உலகப் போர் வந்தபோது, ஜெர்மன் விமானப்படைக்கு எந்த விமானம் வேண்டும், எத்தனை வேண்டும் என்று தீர்மானிக்கும் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். அந்த நாற்காலிதான் அவர் உயிரைக் குடித்தது.

உடெட் 1896 ஏப்ரல் 26-ஆம் நாள் ஃபிராங்ஃபர்ட் நகரில் பிறந்தார். வளர்ந்தது மியூனிக்கில். சிறு வயதிலேயே விமானப் பைத்தியம். நண்பர்களோடு சேர்ந்து சங்கம் வைத்தார், சறுக்கு விமானம் ஒன்றில் பறக்க முயன்று கீழே விழுந்தார். இராணுவம் வேண்டாம் என்றதும் தம் சொந்த மோட்டார் சைக்கிளோடு போய்த் தூதுச் செய்தி கொண்டுபோகும் வேலையில் சேர்ந்துகொண்டார். அதுவும் நீடிக்கவில்லை. பீரங்கிக் குண்டு விழுந்த பள்ளத்தில் வண்டியோடு விழுந்து காயப்பட்டார். கடைசியில் அப்பாவின் பணம் கைகொடுத்தது. 2,000 மார்க் ரொக்கமும் குளியலறைச் சாமான்களும் கட்டணமாகக் கொடுக்கப்பட்டு, தனியார் பள்ளியில் விமானம் ஓட்டப் படித்தார். குளியல் தொட்டி கொடுத்து விமானியானவர் என்று அவரைச் சொன்னால் தப்பில்லை.

போர்க்களத்தில் தொடக்கம் பெருமைப்படும்படி இல்லை. முதன்முதலாக ஒரு பிரெஞ்சு விமானத்தை எதிரெதிரே சந்தித்தபோது கை நடுங்கிவிட்டது, சுட முடியவில்லை. எதிரியின் தோட்டா கன்னத்தை உரசிக்கொண்டு போனது. அந்த அவமானம் அவரை உறுத்தியது. 1916 மார்ச் 18-ஆம் நாள், கூட்டமாக வந்த பிரெஞ்சு விமானங்களுக்கு நடுவே தனியாகப் பாய்ந்து ஒன்றை வீழ்த்தினார். அங்கிருந்துதான் கணக்கு தொடங்கியது.

அவர் பிற்பாடு எழுதிய சுயசரிதையில் ஒரு சம்பவம் வருகிறது. 1917-இல் பிரான்சின் புகழ்பெற்ற விமானி ஜார்ஜ் கினமேரோடு தனியாக மோதினாராம். நடுவில் உடெட்டின் துப்பாக்கி அடைத்துக்கொண்டது. இனி உயிர் தப்பாது என்ற நிலையில், கினமேர் அதைப் புரிந்துகொண்டு கையை அசைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாராம். அப்படி நடந்திருக்காது என்று சந்தேகிப்பவர்களும் உண்டு. ஆனால் உடெட் சாகும்வரை அதை நம்பினார். வானத்துப் போரில் ஒரு கண்ணியம் இருக்கிறது என்ற அந்த எண்ணம் அவரை விட்டுப் போகவே இல்லை.

1918-இல் ரிச்தோஃபென் அவரைத் தம் படைப்பிரிவுக்கு அழைத்துக்கொண்டார். அவ்வாண்டு ஏப்ரலில் ஜெர்மனியின் மிக உயர்ந்த வீர விருதான புர் லெ மெரிட் கிடைத்தது. ஜூன் 29-ஆம் நாள் அவருடைய விமானம் சுடப்பட்டது. குதித்தபோது பாராசூட்டின் வார் விமானத்தின் வாலில் சிக்கிக்கொண்டது. உதறி விடுவித்துக்கொண்டு, தரையை நெருங்கும் நேரத்தில்தான் பாராசூட் விரிந்தது. போரில் பாராசூட்டால் உயிர் பிழைத்த முதல் விமானிகளில் அவரும் ஒருவர்.

ரிச்தோஃபென் மறைந்த பிறகு, அந்தப் படைப்பிரிவின் தலைமை ஜூலை மாதம் வேறோர் அதிகாரியிடம் போனது. அவர் பெயர் ஹெர்மன் கோரிங். உடெட்டின் வாழ்க்கையில் இந்தப் பெயர் மறுபடியும் வரும்.

போர் முடிந்தது. ஜெர்மனி தோற்றது. விமானப்படை வைத்துக்கொள்ளவே கூடாது என்று வெர்சாய் ஒப்பந்தம் தடை போட்டது. 22 வயதில் நாட்டுக்கே தெரிந்த வீரருக்கு வேலை இல்லை. உடெட் வேடிக்கை காட்டும் விமானியானார். தரையில் கிடக்கும் கைக்குட்டையை இறக்கை நுனியால் கவ்வி எடுத்துக்கொண்டு போவது அவருடைய பேர்போன வித்தை. தம் பெயரில் விமான நிறுவனம் நடத்திப் பார்த்தார். சில ஆண்டுகளில் விலகினார். பனிமலைப் படங்களில் விமானியாகவே நடித்தார். 1933-இல் வெளிவந்த ஒரு படத்துக்காகக் கிரீன்லாந்து பனிப்பாறைகளுக்கு மேலே பறந்தார். கேலிச்சித்திரம் வரைவார், குடிப்பார், நண்பர்களைச் சிரிக்க வைப்பார். காசு கையில் தங்காது.

1931-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் நடந்த விமானப் போட்டிக்குப் போனபோது, 1918-இல் தாம் சுட்டு வீழ்த்திய அமெரிக்க விமானி ஒருவரை மேடையில் சந்தித்தார். அன்று அவருடைய விமானத்திலிருந்து நினைவுக்காக வெட்டி எடுத்து வைத்திருந்த துணியை அவரிடமே திருப்பிக் கொடுத்தார். சுட்டவரும் சுடப்பட்டவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

அமெரிக்காவில் இன்னொன்றையும் பார்த்தார். கர்டிஸ் ஹாக் என்ற விமானம், பருந்து கோழிக்குஞ்சைப் பார்த்துப் பாய்வதுபோல் செங்குத்தாக இறங்கிக் குண்டு போட்டுவிட்டு மேலேறியது. உடெட் மயங்கிப்போனார். வாங்கப் பணமில்லை. 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும், அமைச்சராகிவிட்ட பழைய தோழர் கோரிங் அரசாங்கப் பணத்தில் இரண்டு ஹாக் விமானங்களை வாங்கிக் கொடுத்தார். அவ்வாண்டு மே மாதமே உடெட் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். அவருக்கு அரசியல் தெரியாது என்று சொல்லிப் பரிதாபப்பட்டவர்கள் பலர். ஆனால் அந்த ஆட்சி எப்படிப்பட்டது என்பது பெர்லினில் இருந்தவருக்குத் தெரியாமல் இருந்திருக்க வழியில்லை. பறக்க விமானம் கிடைத்தது. மற்றதைப் பார்க்காமல் இருந்துகொண்டார்.

1935-இல் கர்னல் பதவியோடு புதிய விமானப்படைக்குத் திரும்பினார். 1936 ஜூனில் அவரைத் தொழில்நுட்பப் பிரிவின் தலைவராகக் கோரிங் நியமித்தார். மேசை வேலை தமக்கு ஒத்துவராது என்று உடெட்டுக்கே தெரியும். கோப்புகள் குவிந்தன; அவரோ புது விமானங்களை ஓட்டிப் பார்க்கப் போய்விடுவார். 1938-இல் ஹெய்ன்கெல் நிறுவனத்தின் விமானத்தில் மணிக்கு 634 கிலோமீட்டருக்கு மேல் பறந்து உலகச் சாதனை செய்தார். துறைத் தலைவர் செய்ய வேண்டிய வேலையா அது?

பாய்ந்து குண்டு போடும் ஆசை அவரை விடவில்லை. கைவிடப்படவிருந்த யுங்கர்ஸ் 87 விமானத்தைக் காப்பாற்றியவர் அவர்தான். ஸ்டூக்கா என்று உலகம் அஞ்சிய விமானம் அது. பாயும்போது அலறும் சங்குகள் பொருத்தப்பட்ட அந்த விமானங்கள் 1939-இல் போலந்திலும் 1940-இல் பிரான்சிலும் பொதுமக்களையும் சேர்த்தே கதிகலங்க வைத்தன. வானத்தில் கண்ணியம் பேசியவரின் கையெழுத்து அதில் இருந்தது.

வெற்றி அவரை மேலும் தவறான வழியில் தள்ளியது. பெரிய குண்டுவீச்சு விமானங்களும் பாய வேண்டும் என்ற பிடிவாதம் அவருடைய துறையைப் பிடித்துக்கொண்டது. யுங்கர்ஸ் 88 அதற்காகவே எடை கூடி வேகம் குறைந்தது. 30 டன்னுக்கு மேல் எடையுள்ள ஹெய்ன்கெல் 177-உம் பாய வேண்டும் என்றார்கள். லாரியைப் பந்தயக் குதிரைபோல் துள்ளச் சொன்ன கதைதான். அதற்காக இரண்டிரண்டு எஞ்சின்களை ஒன்றாகப் பிணைத்தார்கள். அவை தீப்பிடித்துக்கொண்டே இருந்தன. மெஸ்ஸர்ஷ்மிட் 210 முதன்முதலாகப் பறப்பதற்கு முன்பே 1,000 விமானங்களுக்கு ஆர்டர் போனது. பறந்த பிறகுதான் அது விமானிகளைக் கொல்லும் என்று தெரிந்தது.

1940 கோடையில் பிரிட்டனின் வேகமான போர் விமானங்களிடம் ஸ்டூக்கா சிக்கிச் சின்னாபின்னமானது. ஹிட்லரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட கோரிங், பழியை உடெட் பக்கம் திருப்பினார். 1941 ஜூனில் ரஷ்யப் போரும் தொடங்கியது. விமானங்கள் போதவில்லை. உடெட்டின் அதிகாரங்கள் ஒவ்வொன்றாக எர்ஹார்ட் மில்ஹ் கைக்குப் போயின. ஜெனரல் பதவி இருந்தது, வேலை இல்லை. மதுவும், தூக்கத்தை விரட்டும் பெர்விட்டின் மாத்திரையும் அவரை உருக்குலைத்தன.

1941 நவம்பர் 17-ஆம் நாள் காலை, பெர்லின் வீட்டில், தம் காதலியோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோதே உடெட் தம்மைச் சுட்டுக்கொண்டார். கோரிங் தம்மைக் கைவிட்டுவிட்டதாக அவர் எழுதி வைத்த வரிகள் அறையில் கிடந்தன. வயது 45.

அரசாங்கம் உண்மையைச் சொல்லவில்லை. புதிய ஆயுதம் ஒன்றைச் சோதித்தபோது விபத்தில் மாண்டார் என்று அறிவித்தது. அரச மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது. புகழுரை ஆற்றியவர் கோரிங். அந்தச் சடங்குக்காகப் புறப்பட்டவர்களில் ஜெனரல் வில்பெர்க் டிரெஸ்டன் அருகே விமானம் விழுந்து இறந்தார். அன்றைய ஜெர்மனியின் தலைசிறந்த போர் விமானி வெர்னர் மோல்டர்ஸ், கிரைமியாவிலிருந்து வரும் வழியில் பிரெஸ்லாவ் நகரில் விமான விபத்தில் இறந்தார்.

உடெட்டின் பழைய நண்பரும் நாடக ஆசிரியருமான கார்ல் சூக்மையர், ஹிட்லருக்குத் தப்பி அமெரிக்காவில் வாழ்ந்துவந்தார். அரச மரியாதைச் செய்தியைப் பத்திரிகையில் படித்ததும் அவருக்குச் சந்தேகம் தட்டியது. சாத்தானின் தளபதி என்ற பொருளில் தலைப்பிட்டு அவர் எழுதிய நாடகம், 1946 டிசம்பரில் சூரிக் நகரில் அரங்கேறியது. தோற்றுப்போன ஜெர்மனியில் மக்கள் கூட்டம் கூட்டமாக அதைப் பார்த்தார்கள். 1955-இல் அது திரைப்படமாகவும் வந்தது.

கோரிங் வாங்கிக் கொடுத்த இரண்டு ஹாக் விமானங்களில் ஒன்று, இன்று போலந்தின் கிராக்கோவ் நகர அருங்காட்சியகத்தில் நிற்கிறது.