கொக்குப் பாட்டால் வெள்ளையரை விரட்டிய முருகன்: யார் இந்த விஸ்வநாத தாஸ்?

கிருஷ்ணன்கோவில் சுற்றுவட்டாரத் திருவிழாக்களில் ஆர்மோனியச் சத்தம் கேட்டாலே பெரியவங்களுக்குச் சின்ன வயசு ஞாபகம் வந்துடும். பாயை விரிச்சு, விடிய விடிய 'வள்ளி திருமணம்' பார்த்த நாட்கள் அவை.

அந்த நாடகத்தையே சுதந்திரப் போராட்ட மேடையாக்கியவர், பக்கத்து சிவகாசியில் 1886-ல் பிறந்த விஸ்வநாத தாஸ். வெள்ளைக் கொக்கைப் பாடுவார். யாரைச் சொல்றார்னு கூட்டத்துக்கும் புரியும், போலீசுக்கும் புரியும். பலமுறை சிறை. முடிதிருத்தும் சமூகத்தில் பிறந்தவர் என்பதால், சேர்ந்து நடிக்க மறுத்தவங்களும் உண்டு. அந்த வலி சிறையைவிடப் பெரிசு.

கடைசிக் காலத்தில் கடன் கழுத்தை நெரித்தது. அப்பவும் ஆங்கில அரசுக்கு ஆதரவாப் பாட அவர் சம்மதிக்கலை.

1940 டிசம்பர் 31. சென்னை நாடக மேடையில் முருகன் வேஷத்தில், மயில் மேல் உட்கார்ந்து பாடும்போதே உயிர் பிரிந்தது. அதே வேஷத்தோடதான் இறுதி ஊர்வலமும் நடந்தது.

அவர் வாழ்ந்த திருமங்கலத்தில் இப்போ நினைவில்லம் இருக்கு. கிருஷ்ணன்கோவிலில் இருந்து மதுரைக்குப் போற வழியிலதான்.