புக்கர் வாஷிங்டனும் சுகாதார வாரமும்

கல்லூரியொன்று தன் விழாக்காலத்தில், எழுப்பிய மண்டபங்களையும் பரீட்சையிற் சித்தியெய்திய மாணாக்கரையும் எண்ணி மகிழ்தல் இயல்பே. தன் இனத்து மக்களுள் எத்தனை பேர் அகாலத்தில் இறக்கின்றனர், ஏன் இறக்கின்றனர் எனக் கணக்கெடுத்த கல்லூரியும் ஒன்றுண்டு. அஃது அமெரிக்காவின் தென்பகுதியிலே, அலபாமா மாநிலத்திலுள்ள டஸ்கீகிக் கல்வி நிலையமாகும். அதனை வளர்த்தெடுத்த பெரியார் புக்கர் ரி. வாஷிங்டன்.

அன்னார் 1856ஆம் ஆண்டு வேர்ஜீனியா மாநிலத்தில் அடிமைத் தாயொருத்தியின் மகவாகப் பிறந்தார். மண்தரைக் கொட்டிலே வீடு, கந்தல்களே படுக்கை. 1865இல் விடுதலை வந்தது, வறுமை போகவில்லை. உப்பு ஆலையிலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் உழைத்த அச்சிறுவர், 1872இல் நெடுந்தூரம் நடந்தும் வண்டிகளில் இடங்கேட்டும் ஹம்ப்டன் கல்வி நிலையத்தை அடைந்தார். அங்கு அவருக்கு வைக்கப்பட்ட நுழைவுப் பரீட்சை ஓர் அறையைக் கூட்டித் துடைத்தலே. படுக்கையில் இரண்டு விரிப்புகளைக் கண்ட அவர், முதலிரவு இரண்டின் கீழும், மறுநாள் இரண்டின் மேலும் படுத்தார். பிறரைப் பார்த்தே முறையை அறிந்தார். நாடோறும் நீராடுதலின் பயனையும் ஆங்கேதான் கற்றார். தூய்மை என்பது செல்வர்க்கே உரிய அணியன்று, ஏழையின் உயிர்க்காப்பு என்ற தெளிவு அவருள்ளத்தில் வேரூன்றியது.

1881இல் டஸ்கீகியில் ஆசிரியப் பணி ஏற்றார். மாணாக்கரே செங்கல் அறுத்துக் கட்டடம் எழுப்பினர். மூன்று சூளைகள் பிழைத்துப்போகத் தம் கைக்கடிகாரத்தை அடகு வைத்து நான்காவது சூளையை மூட்டினார். அங்குப் பயிலவந்தோர் ஒவ்வொருவரும் பற்தூரிகை வைத்திருத்தல் கட்டாயமாயிற்று. 1892இல் வைத்தியசாலையும் தாதியர் பயிற்சியும் அங்குத் தோன்றின.

அக்காலத்திற் கறுப்பின மக்கள் வெள்ளையரினும் மிகுதியாகச் சயரோகம் முதலிய நோய்களால் மாண்டனர். அஃது அவர்தம் பிறவிக் குறையென்றும், அவ்வினம் அழிந்தொழியும் என்றும் 1896இல் காப்புறுதிக் கம்பனியொன்றின் புள்ளிவிவர அறிஞர் ஹொஃப்மன் நூலெழுதினார். வறுமையும் வாழிடமுமே காரணமென 1906இல் டு போய்ஸ் என்னும் பேரறிஞர் மறுத்துக் காட்டினார். டஸ்கீகியில் ஆய்வு நடத்திய மன்றோ வேர்க் 1914இல் கணக்கிட்டு, 4,50,000 கறுப்பின மக்கள் எந்நேரமும் கடும் நோயாளராய் இருக்கின்றனர் என்றும், அவர்தம் இறப்புகளில் நூற்றுக்கு 45 தடுக்கத்தக்கவை என்றும் வெளிப்படுத்தினார்.

தடுக்கத்தக்க சாவைத் தடுக்காதிருத்தல் தகுமோ? 1915இல் வாஷிங்டன் ஒரு சுகாதார வாரத்தை அனுட்டிக்குமாறு தம்மவரை அழைத்தார். வேர்ஜீனியாவில் அவ்வின மக்களின் சங்கமொன்று முன்னரே நடத்திய துப்புரவுப் பணி இதற்கு வழிகாட்டியது. தேவாலயங்கள், பாடசாலைகள், வணிகர் கழகங்கள், பத்திரிகைகள் யாவும் கைகோத்தன. வீடுகளும் கிணறுகளும் மலகூடங்களும் துப்புரவாக்கப்பட்டன. நோய்த்தடுப்புப் பற்றிப் பேருரைகள் நிகழ்ந்தன. அவ்வாண்டு நவம்பர் 14ஆம் நாள் அன்னார் டஸ்கீகியில் மறைந்தார். அவர் பிறந்தநாளென்று கொண்ட ஏப்ரல் 5ஆம் நாளையொட்டி அவ்வாரம் பின்னர் ஆண்டுதோறும் அனுட்டிக்கப்பட்டது.

அன்னாரின் நெறியில் ஒரு குறையும் உண்டு. துடைப்பத்தாற் குப்பை நீங்கும். வைத்தியசாலைக் கதவை நிறம் பார்த்து மூடும் சட்டம் நீங்காது. அதனை வெளிப்படையாக எதிர்க்காமை பற்றி டு போய்ஸ் முதலியோர் அவரைக் கண்டித்தனர். அக்கண்டனத்தின் நியாயத்தைப் பின்வந்த காலம் காட்டியது. 1932இல் சுகாதார வாரப் பணியை ஏற்ற அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவையே, அதே ஆண்டில், டஸ்கீகி சூழ்ந்த ஊர்களில் மேகநோயுற்ற கறுப்பின ஆடவரைச் சிகிச்சையின்றி விட்டு நோயின் போக்கை மட்டும் நோக்கும் கொடிய ஆய்வைத் தொடங்கியது. அது 1972 வரை நீடித்தது. 1997இல்தான் அந்நாட்டுச் சனாதிபதி மன்னிப்புக் கோரினார்.

எனினும் அவர் இட்ட வித்து அழியவில்லை. ஏப்ரல் மாதத்தை அந்நாட்டார் சிறுபான்மையோர் சுகாதார மாதமெனக் கொண்டாடுவதற்கு மூலம் அச்சுகாதார வாரமே.

மாணாக்கரே, பழைய மாணவர்களே! மக்கள் தம் முயற்சியாற் செய்யக்கூடியதும் உண்டு. அரசு நீதியாற் செய்யவேண்டியதும் உண்டு. இரண்டையும் பிரித்தறிந்து, முன்னதைத் தாமே செய்து, பின்னதை அஞ்சாது கேட்டல் கற்றார் கடன். தன் மதிலுக்கு அப்பால் வாழ்வோரின் உடல்நலத்தையும் தன் கணக்கில் எழுதும் கல்லூரியே நிறைவான கல்லூரியாகும்.