இலத்தீனில் தோற்ற மாணவர்

1888ஆம் ஆண்டின் தொடக்கத்தில், குசராத்தின் பவநகரிலிருந்த சாமல்தாஸ் கல்லூரியில் பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் சேர்ந்தார். கல்லூரி தொடங்கப்பெற்று மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. பம்பாயில் தங்கிப் பயிலப் பணம் போதாது. பவநகரில் செலவு குறைவு. அதனால்தான் இந்தக் கல்லூரி. பாடங்கள் ஆங்கிலத்தில் நடத்தப்பெற்றன. வகுப்பில் அமர்ந்திருந்த இளைஞருக்கோ ஒன்றும் விளங்கவில்லை. குறை ஆசிரியர்களிடம் இல்லை. அவர்கள் முதல்தரமானவர்கள் என்று பெயர் பெற்றவர்கள். பாடத்தைப் பின்தொடரும் பக்குவம் தம்மிடம் இல்லாததே காரணம் என்று பின்னாளில் தம் வரலாற்றில் அவர் ஒளிக்காமல் எழுதினார். முதல் பருவம் முடிந்ததும் இராஜ்கோட்டிலிருந்த வீட்டுக்குத் திரும்பியவர், அந்தக் கல்லூரியில் படிப்பைத் தொடரவே இல்லை. மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி என்பது அவர் பெயர்.

காந்தியடிகளின் மதிப்பெண்களை வகுப்பறையில் சொன்னால் மாணவர் பலர் நம்ப மறுப்பர். 1887ஆம் ஆண்டு அகமதாபாத்துக்குத் தனியே சென்று அவர் எழுதிய பம்பாய்ப் பல்கலைக்கழக மெட்ரிகுலேஷன் தேர்வில் 625க்கு அவர் பெற்றவை 247½. ஆங்கிலத்தில் 200க்கு 89. கணக்கில் 175க்கு 59. தேறியவர் வரிசையில் அவருக்கு 404ஆம் இடம். பதின்மூன்றாம் வயதில் திருமணம். பதினாறாம் வயதில் தந்தையின் மறைவு. திவான் பதவி வகித்த தந்தைக்குப் பின் குடும்பத்தின் பெயரைக் காக்கப் போகிறவர் இவரே என்று மூத்த தமையனார் இலட்சுமிதாஸ் நம்பியிருந்தார். அந்த நம்பிக்கையைச் சுமந்துகொண்டுதான் அவர் பவநகருக்குச் சென்றார், வெறுங்கையுடன் திரும்பினார்.

விடுமுறையில் குடும்ப நண்பரான மாவ்ஜி தவே என்னும் பெரியவர் வீட்டுக்கு வந்தார். இளைஞரின் படிப்பைப் பற்றி உசாவினார். பி.ஏ. பட்டம் பெற நான்கைந்து ஆண்டுகள் செல்லும். பெற்றாலும் அறுபது ரூபாய் உத்தியோகமே கிடைக்கும். திவான் பதவி கிட்டாது என்றார். இங்கிலாந்துக்கு அனுப்பினால் மூன்றே ஆண்டுகளில் பாரிஸ்டராகத் திரும்பிவிடலாம்; நாலாயிரம், ஐயாயிரம் ரூபாய்க்குள் செலவு அடங்கிவிடும் என்றும் கூறினார். பிறகு இளைஞரைப் பார்த்து, இங்கேயே படிக்க விருப்பமா, இங்கிலாந்து செல்ல விருப்பமா என்று கேட்டார். மோகன்தாஸ் துள்ளிக் குதிக்காத குறைதான். உடனே அனுப்பிவிட்டால் நல்லது என்றார். மருத்துவம் படிக்க முடியுமா என்றும் கேட்டார். பிணத்தை அறுக்கும் தொழில் வைணவக் குடும்பத்துக்கு ஆகாது என்பது தந்தையின் கருத்து எனத் தமையனார் தடுத்தார். சட்டமே முடிவாயிற்று.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மகிழ்ச்சி கல்வி வேட்கையால் மட்டும் பிறந்தது அன்று. கடினமான பாடங்களிடமிருந்து தப்ப ஒரு வழி கிடைத்ததே என்னும் நிம்மதியும் அதில் கலந்திருந்தது. இதையும் காந்தியடிகள் மறைக்கவில்லை. பவநகரில் விளங்காத ஆங்கிலம் இலண்டனில் மட்டும் எப்படி விளங்கும் என்ற கேள்வி அன்று அவருக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை.

பயணத்துக்குப் பணமும் இசைவும் வேண்டியிருந்தன. போர்பந்தர் சமஸ்தானத்தின் நிருவாகத்தை அப்போது கவனித்துவந்த லேலி என்னும் ஆங்கில அதிகாரியிடம் உதவி கேட்கலாம் என்று கருதினர். மோகன்தாஸ் தோராஜிவரை மாட்டுவண்டியில் சென்றார். அங்கிருந்து ஒருநாள் முன்னதாகப் போய்ச்சேர வேண்டும் என்பதற்காக ஒட்டகத்தில் ஏறினார். அவருடைய முதல் ஒட்டகச் சவாரி அது. எப்படிப் பேசுவது என்று பல நாள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த லேலியோ, முதலில் பி.ஏ. தேறிவிட்டு வருமாறும், இப்போது உதவி எதுவும் செய்ய இயலாது என்றும் சுருக்கமாகச் சொல்லிவிட்டு மேலே சென்றுவிட்டார். அந்தச் சொற்கள் காந்தியடிகளின் நெஞ்சில் நெடுநாள் தைத்திருந்தன.

தமையனார் எப்படியாவது பணம் திரட்டுவதாக உறுதி கூறினார். மது, மாது, புலால் மூன்றையும் தீண்டுவதில்லை என்று மகன் சூளுரைத்த பின்னரே தாயார் புத்லிபாய் விடைகொடுத்தார். பம்பாயில் சாதிக் கூட்டம் கூடிற்று. கடல் கடப்பது மரபுக்கு மாறு என்று சொல்லிச் சாதித் தலைவர் அவரை விலக்கிவைத்தார். அவருக்கு உதவுவோரும் வழியனுப்புவோரும் ஒரு ரூபாய் நான்கணா தண்டம் செலுத்த வேண்டும் என்றார். 1888 செப்டம்பர் 4 அன்று கப்பல் புறப்பட்டது. அவ்வாண்டு பிறந்த தலைமகன் ஹரிலாலும் கஸ்தூரிபாயும் இராஜ்கோட்டில் இருந்தனர்.

இலண்டனில் முதற்சில திங்கள்கள் வீணாயின. ஆங்கிலக் கனவானாக மாறிவிட வேண்டும் என்னும் ஆசை அவரைப் பற்றிக்கொண்டது. பாண்டு தெருவில் பத்துப் பவுனுக்கு மாலைநேர உடை தைத்துக்கொண்டார். நாள்தோறும் பத்து நிமிடம் கண்ணாடிமுன் நின்று கழுத்துப்பட்டையைச் சரிசெய்தார்; தலை சீவினார். நடன வகுப்புக்கு மூன்று பவுன் கட்டி, மூன்று வாரங்களில் ஆறு பாடம் கற்றார். பியானோவின் தாளத்துக்குக் கால் இசையவில்லை. காது பழகட்டும் என்று வயலின் வாங்கினார். மேடைப்பேச்சுக்கும் ஓர் ஆசிரியரை அமர்த்தினார். ஏறத்தாழ மூன்று திங்களில் இந்த மயக்கம் தெளிந்தது. தாம் இங்கிலாந்தில் வாழ்நாளைக் கழிக்க வந்தவர் அல்லர், படிக்க வந்தவர் என்பது நினைவுக்கு வந்தது. வயலினை விற்றுத்தருமாறு ஆசிரியையிடமே கேட்டுக்கொண்டார்.

சட்டப் படிப்போ அன்று எளிதாக இருந்தது. இன்னர் டெம்பிள் என்னும் சட்டக்கழகத்தில் அவர் சேர்ந்திருந்தார். பன்னிரண்டு பருவங்கள் அங்கு வருகை தர வேண்டும். வருகை என்பது பருவத்துக்குச் சில விருந்துகளில் கலந்துகொள்வதே. உரோமச் சட்டம், ஆங்கிலப் பொதுச் சட்டம் ஆகிய இரண்டிலும் தேர்வு உண்டு. எழுதுவோரில் பெரும்பாலோர் தேறிவிடுவர். பலர் சில வாரங்கள் குறிப்புகளைப் புரட்டியே தேறினர். பவநகரில் தோற்ற மாணவர் இந்த எளிய வழியில் மூன்றாண்டுகளைக் கழித்திருந்தாலும் பாரிஸ்டர் ஆகியிருப்பார். ஆயினும் தம் ஆங்கிலம் வலுவற்றது என்பது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. பி.ஏ. தேறிவிட்டு வா என்ற லேலியின் சொற்கள் காதில் ஒலித்தன. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைப் பற்றி விசாரித்தார். செலவும் காலமும் கைக்கு எட்டாதவை. மெய்யாகவே கடினமான தேர்வு ஒன்றை எழுத விரும்பினால் இலண்டன் மெட்ரிகுலேஷன் எழுதலாமே என்று நண்பர் ஒருவர் கூறினார்.

பாடத்திட்டத்தைப் பார்த்ததும் அவர் திகைத்தார். இலத்தீனும், இக்கால ஐரோப்பிய மொழி ஒன்றும் கட்டாயம். இலத்தீன் அறிந்தவருக்குச் சட்டநூல்கள் எளிதில் விளங்கும் என்று நண்பர் வற்புறுத்தினார். முன்பே தொடங்கியிருந்த பிரெஞ்சுடன் இலத்தீனையும் எடுத்துக்கொண்டு தனிப்பயிற்சி வகுப்பில் சேர்ந்தார். தேர்வு ஆறு திங்களுக்கு ஒருமுறை நடப்பது. அவருக்கு எஞ்சியிருந்தவை ஐந்தே திங்கள்கள். நிமிடக் கணக்கில் கால அட்டவணை வகுத்துப் படித்தார். தேர்வு எழுதினார். இலத்தீனில் தோற்றார்.

பவநகரில் நிகழ்ந்ததே மீண்டும் நிகழ்ந்தது. இம்முறை தப்பியோட வாய்ப்பு இல்லாமல் இல்லை. சொல்லப்போனால் முன்னைவிட எளிதாகவே இருந்தது. இந்தத் தேர்வை எழுதும்படி அவரை எவரும் கட்டாயப்படுத்தவில்லை. பாரிஸ்டர் ஆவதற்கு இது தேவையும் இல்லை. விட்டுவிட்டிருந்தால் இராஜ்கோட்டில் ஒருவருக்கும் தெரிந்திராது. அவர் விடவில்லை. தோற்ற பாடத்திலேயே தமக்குச் சுவை பிறந்துவிட்டதை உணர்ந்தார். மறுமுறை எழுதினால் பிரெஞ்சும் மேலும் செம்மைப்படும் என்று எண்ணினார். முதல்முறை எடுத்த வேதியியலில் சோதனைகள் செய்துபார்க்க வாய்ப்பில்லாததால் மனம் ஒன்றவில்லை; அதை நீக்கிவிட்டு வெப்பமும் ஒளியும் என்னும் பாடத்தைத் தேர்ந்தெடுத்தார்.

பாடத்தை மட்டுமன்றி வாழ்க்கை முறையையும் மாற்றினார். மாதந்தோறும் பணம் அனுப்பத் தமையனார் படும்பாடு அவருக்குத் தெரியும். காசு கணக்கைத் தவறாமல் எழுதும் வழக்கம் முன்பே இருந்தது. இப்போது இரண்டு அறைகளை விட்டு ஒற்றை அறைக்கு மாறினார். அடுப்பு ஒன்று வாங்கிக் காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோகோவும் தாமே காய்ச்சிக்கொண்டார். பகலுணவு வெளியே, இரவில் ரொட்டியும் கோகோவும். ஒரு நாள் உணவுச் செலவு ஒரு சில்லிங் மூன்று பென்சுக்குள் அடங்கிற்று. வண்டிக் கூலியைத் தவிர்த்து நாள்தோறும் எட்டுப் பத்து மைல் நடந்தார். பின்னாளில் உலகம் வியந்த எளிமை, தேர்வில் தோற்ற மாணவர் ஒருவரின் சிக்கனமாகவே இவ்வறையில் அரும்பிற்று. அதனால் வாழ்க்கை வறண்டுவிடவில்லை, மனம் நிறைந்திருந்தது என்று அவர் குறிப்பிட்டிருக்கிறார்.

1890 சூனில் இரண்டாம் முறை எழுதித் தேறினார். படித்த இலத்தீனைக் கைவிடவும் இல்லை. பிறர் குறிப்புகளை மட்டும் படித்துத் தேறிய உரோமச் சட்டத்தை அவர் இலத்தீன் மூலத்திலேயே படித்தார். புரூம் எழுதிய பொதுச் சட்ட நூலைப் படித்து முடிக்க ஒன்பது திங்கள்கள் பிடித்தன. பாட நூல்கள் அனைத்தையும் காசு கொடுத்து வாங்கிப் படிப்பதே நேர்மை என்று கருதினார். 1891 சூன் 10 அன்று பாரிஸ்டராக ஏற்கப்பெற்றார். மறுநாள் உயர்நீதிமன்றத்தில் பதிந்தார். அதற்கு மறுநாள் கப்பலேறினார்.

பம்பாயில் இறங்கியபோது, தாயார் முன்பே மறைந்துவிட்ட செய்தி காத்திருந்தது. தொழிலும் கைகொடுக்கவில்லை. முதல் வழக்கில் குறுக்கு விசாரணைக்கு எழுந்தவருக்குத் தலை சுற்றிற்று. கேள்வி ஒன்றும் எழவில்லை. பெற்ற முப்பது ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நீதிமன்றத்தைவிட்டு வெளியேறினார். பிறகு, நாளுக்கு ஒரு மணிநேரம் ஆங்கிலம் கற்பிக்க ஆசிரியர் தேவை, ஊதியம் எழுபத்தைந்து ரூபாய் என்று ஒரு பள்ளி செய்த விளம்பரத்தைக் கண்டு விண்ணப்பித்தார். நேர்காணலில் தலைமையாசிரியர், பட்டதாரியா என்று கேட்டார். இலண்டன் மெட்ரிகுலேஷன் தேறியவன், இலத்தீன் இரண்டாம் மொழி என்று சொல்லிப் பார்த்தார். பட்டதாரிதான் வேண்டும் என்று அனுப்பிவிட்டனர். மாடிப்படியில் லேலி சொன்ன அதே விடை, மூன்றாண்டுகளும் ஒரு கடலும் கடந்து மீண்டும் வந்து நின்றது.

1893இல் ஒரு வணிக நிறுவனத்தின் வழக்குக்காகத் தென்னாப்பிரிக்கா சென்றார். அந்நாட்டில் வழங்கியது உரோம டச்சுச் சட்டம். இலண்டனில் இலத்தீனில் படித்த உரோமச் சட்டம் அதைப் புரிந்துகொள்ளத் துணை நின்றது. ஆனால் அந்த வழக்கோ முழுவதும் கணக்குகளால் ஆனது. வரவும் பற்றும் அவருக்கு விளங்கவில்லை. ஏடுகளில் அடிக்கடி வந்த ஒரு சுருக்கச் சொல்லை அகராதியில் தேடினார், கிடைக்கவில்லை. தமக்குத் தெரியாது என்று எழுத்தரிடம் ஒப்புக்கொண்டு, அது கடனுறுதிச் சீட்டைக் குறிக்கும் என்று கேட்டறிந்தார். பிறகு, கணக்குப் பதிவியல் நூல் ஒன்றை வாங்கிவந்து முதலிலிருந்து படிக்கத் தொடங்கினார்.