மலைச்சரிவைப் படித்தவர்

ஆல்டோ லியோபோல்ட் என்றால், ஓநாயைச் சுட்டுவிட்டுப் பின்னர் வருந்திய மனிதர் என்றே பலரும் நினைவுகூர்கின்றனர். எனக்கோ, ஜூனிபர் மரங்களில் பழைய தீத்தழும்புகளைத் தேடிக்கொண்டிருந்த வன அலுவலராகவே அவர் தோன்றுகிறார்.

1887-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பிறந்த அவர், யேல் பல்கலைக்கழகத்தில் வனவியல் பயின்று, 1909-இல் அரிசோனாவின் வறண்ட மலைப்பகுதியில் அரசு வனத்துறைப் பணியேற்றார். கால்நடை மேய்ச்சலை முறைப்படுத்துவதும் அப்பணியில் அடங்கும். 1912-இல் அவர் மணந்த எஸ்டெல்லாவின் தாய்வழிக் குடும்பம், நியூ மெக்சிகோவில் பெரும் ஆட்டுமந்தைகளுக்கு உரிமையுடையது. மறு ஆண்டு, மேய்ச்சல் தகராறு ஒன்றைத் தீர்க்கச் சென்றவர் மழையிலும் குளிரிலும் சிக்கிச் சிறுநீரக நோயுற்றார். உயிர் பிழைத்ததே அரிது. பணிக்குத் திரும்ப ஓராண்டுக்கும் மேலாயிற்று. மேய்ச்சல் உலகுக்கு அவர் அயலார் அல்லர் என்பதற்காகவே இவற்றைக் குறிப்பிடுகிறேன்.

மாடுகள் புல்லைத் தின்றால் காட்டுத்தீ குறையும், ஆகவே மேய்ச்சல் நன்மையே என்பது அன்றைய வனத்துறையின் நம்பிக்கை. தெற்கு அரிசோனாவின் மலைச்சரிவுகளில் லியோபோல்ட் கண்டதோ வேறு. முதிய ஜூனிபர் மரங்களில் தீத்தழும்புகள் இருந்தன. கால்நடைகள் பெருகிய பின்னர் புதிய தழும்புகள் இல்லை. புல் இல்லாததால் தீ பரவவில்லை. தீ பரவாததால் புதர் மண்டியது. சரிவு பசுமையாகத்தான் தெரிந்தது. ஆனால், மண்ணைப் பற்றியிருந்தது புல்லின் வேர்ப்பின்னல்; அதன் வேலையைப் புதரால் செய்ய முடியவில்லை. குளம்புகள் மிதித்து இறுகிய நிலத்தில் மழைநீர் இறங்காமல் வழிந்தோடியது. சிறு கீறல்கள் ஓடைகளாகி, பள்ளத்தாக்கின் வண்டல் நிலத்தை அறுத்தன. புளூ ஆற்றங்கரையில் குடியேறியோரின் விளைநிலத்தில் பெரும்பகுதி சில பத்தாண்டுகளில் அடித்துச் செல்லப்பட்டது.

நீர்ப்பிடிப்புப் பகுதிகளின் சீரழிவுக்குத் தீயைவிட மேய்ச்சலே முதற்காரணம் என்று 1924-இல் அவர் எழுதினார். தம் துறையின் கொள்கையையே மறுத்த எழுத்து அது. கால்நடைகளை அடியோடு விலக்கச் சொன்னவரல்லர் அவர். சரிவு தாங்கும் அளவையே கேட்டார்.

1936-இல் மெக்சிகோவின் கவிலான் ஆற்றங்கரைக்குச் சென்றார். அரிசோனாவை ஒத்த வறண்ட மலைகள்தாம். அபாச்சி மக்களுக்கு அஞ்சி நெடுங்காலம் குடியேற்றமும் மந்தைகளும் நெருங்காத நிலம் அது. அங்கே சரிவுகளில் புல் நின்றது. ஆறு தெளிந்து ஓடியது. நோயற்ற நிலம் எப்படியிருக்கும் என்பதை அங்கேதான் அவர் கண்டார்.

1948 ஏப்ரல் 21 அன்று, விஸ்கான்சினில் அண்டை வீட்டாரின் பண்ணையில் பற்றிய புல்தீயை அணைக்கச் சென்றவர் மாரடைப்பால் இறந்தார். அவருக்குப் பெரும்புகழ் தந்த நூல் அடுத்த ஆண்டு வெளிவந்தது.